ஸ்பேனர் பிடிக்காதவர் ஸ்பேனர் வாங்கினால்

சிங்கப்பூரில் சின்ன அளவில் மெயின்டனன்ஸ், ஏர்கான், பிளம்பிங், எலக்ட்ரிக்கல் கம்பெனி நடத்தும் நம்ம முதலாளிமார்களுக்கு,

வணக்கம். நான் முதலாளி இல்லை என்பதை முன்னமே சொல்லிவிடுகிறேன். 1998ல் வொர்க் பெர்மிட்டில் வேலைக்கு வந்து இறங்கினேன், பைப் தூக்கினேன், ஏணி பிடித்தேன், இப்போது ஒரு மெயின்டனன்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். என் கீழே எட்டுப் பேர். அந்த எட்டுப் பேர் கையில் என்ன சாமான் இருக்க வேண்டும் என்பதை நானும் முடிவு செய்வதில்லை, அவர்களும் முடிவு செய்வதில்லை. ஆபீசில் இருக்கும் தங்கை ஒருத்தி போனைத் திறந்து, விலை குறைந்தது மேலே வருகிற மாதிரி வரிசைப்படுத்தி, மேலே வந்ததை அழுத்துகிறாள். அவள் மேல் எனக்குக் கோபமே இல்லை, அவளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த மடல் சொல்லிக் கொடுத்தவர்களுக்கு.

போன மாதம் ஒரு காண்டோவின், அதாவது தனியார் அடுக்குமாடி வளாகத்தின், பம்ப் ரூமில் நடந்தது இது. மோட்டாரைக் கழற்ற வேண்டும். அடியில் நான்கு போல்ட், 19 நம்பர், அதாவது 19 மில்லிமீட்டர். மூன்று வந்துவிட்டது, நான்காவது துருப்பிடித்துப் போய் அசையவில்லை. அறந்தாங்கிப் பக்கத்துப் பையன் ஒருவன், நல்ல கை, அவசரப்படாதவன், ஸ்பேனரைப் பொருத்தி உடம்பு எடையைக் கொடுத்து இழுத்தான். ஸ்பேனர் வாய் விரிந்துவிட்டது. போல்ட்டின் மூலையை உருட்டிக்கொண்டு வழுக்க, அவன் கை நேராகப் போய், மோட்டாரையும் பம்ப்பையும் இணைக்கும் கப்ளிங் மேல் இருக்கும் இரும்பு மூடியில் இடித்தது. மூன்று விரல் முட்டியிலும் தோல் வழன்று முதலில் வெள்ளையாகத்தான் தெரிந்தது, ரத்தம் அப்புறம்தான் வந்தது. கையைத் துணியில் சுற்றிக்கொண்டு அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, ஸ்பேனர் உடையல, விரிஞ்சுதான் போச்சு. சம்பளத்துல பிடிப்பாங்களா?"

வலிக்குது என்று சொல்லவில்லை பாருங்கள். அதுதான் எனக்கு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

அந்த ஸ்பேனர் 14 பீஸ் செட்டில் ஒன்று. செட் விலை 12 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 90 காசு, டெலிவரி இலவசம். ஒரு ஸ்பேனருக்கு ஒரு வெள்ளி கூட வரவில்லை, காப்பிக்கடையில் ஒரு தே தாரிக் டீயே அதைவிட அதிகம். ஸ்டோருக்கு வந்ததும் நுணுக்கமாக அளக்கும் வெர்னியரை எடுத்து அளந்தேன். விரிந்த ஸ்பேனரை விடுங்கள், அதே மாதிரி இன்னொரு செட் பிரிக்காமல் கிடந்தது, அதிலிருந்த 19 நம்பரை அளந்தால் 19.4 வருகிறது. ஸ்பேனர் வாய் போல்ட்டை விட மயிரிழை பெரிதாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே ஏறாது. ஆனால் இத்தனை லூசாக இருந்தால் அது போல்ட்டின் தட்டையான பக்கத்தைப் பிடிக்காது, மூலையை மட்டும் பிடிக்கும். மூலை உருளும், வாய் விரியும், கை போகும். உடம்பில் 'குரோம் வெனேடியம்' என்று கெட்டியான எஃகு வகையின் பெயர் எடுப்பாக இருந்தது. எழுத்து அச்சில் வருவது, யார் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். அந்த இரும்புக்குக் கொடுக்க வேண்டிய சூட்டைக் கொடுத்தார்களா என்பதை எழுத்து சொல்லாது.

நான் திருப்பாச்சேத்திப் பக்கம். அரிவாளுக்குப் பேர்போன ஊர் என்பது உங்களுக்கே தெரியும். சின்ன வயதில் பட்டறை வாசலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். லாரி வில்லுப்பட்டையைக் காய்ச்சி அடித்து உருவம் கொண்டுவருவது பாதி வேலைதான், தோய்ச்சல் போடுவதில்தான் கொல்லரின் பெயர் இருக்கிறது. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் இரும்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடும், கல்லில் பட்டால் தெறிக்கும். அதனால் அதை மறுபடி லேசாகச் சூடு காட்டி இளக்குவார்கள். துலக்கிய விளிம்பில் முதலில் வைக்கோல் நிறம் ஓடும், அப்புறம் பழுப்பு, அப்புறம் நீலம். எந்த நிறத்தில் நிறுத்துகிறாரோ அதுதான் அந்த அரிவாளின் ஆயுசு. பெரிய ஃபேக்டரியிலும் நடப்பது இதே வேலைதான், கண்ணுக்குப் பதில் உலையும் கடிகாரமும். எந்த நாட்டு ஃபேக்டரி ஆனாலும் காசை மிச்சம் பிடிக்க நினைத்தால் முதலில் கை வைப்பது இங்கேதான்: உலையில் இருக்கும் நேரம், அப்புறம் சரியில்லாததைப் பொறுக்கித் தூக்கிப் போடும் வேலை. அதனால்தான் மலிவு சாமானில் ஒரே பெட்டிக்குள் ஒன்று நன்றாக உழைக்கிறது, அடுத்தது மெழுகாக இருக்கிறது. எல்லாமே மோசம் என்றால்கூடப் பரவாயில்லை, ஜாக்கிரதையாக இருந்துவிடலாம். எது நல்லது எது மோசம் என்று தெரியாததுதான் ஆபத்து.

சுத்தியலில் இது இன்னும் மோசம். முகம் அளவுக்கு மேல் கடினமாக இருந்தால் உளித் தலையில் அடிக்கும்போது ஓரத்தில் சில்லு பெயர்ந்து பறக்கும். அரிசியளவு இரும்பு, கண் உயரத்தில்.

இங்கே ஒரு சண்டையை முடித்துவிட்டு மேலே போகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சை எடுத்தாலே "சீனாச் சாமான் அப்படித்தான், நம்ம ஊர்ச் சாமான்தான் கெட்டி" என்று ஒருவர், "ஜப்பான்காரன் கிட்ட வாங்கு" என்று இன்னொருவர் கிளம்பிவிடுவார்கள். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு உள்நாட்டுச் சாமான், வெளிநாட்டுச் சாமான் என்று பேசுவதே வேடிக்கைதான், ஜாலான் புசாரில் எந்த ஹார்ட்வேர் கடைக்குள் நுழைந்தாலும் தொங்குவதெல்லாம் கப்பலில் வந்தது. நமக்கு 'உள்நாடு' என்றால் ஊர். பெட்டியில் 30 கிலோ கணக்குப் பார்த்து ஊறுகாய்க்கும் சட்டைக்கும் நடுவில் ஒரு கட்டிங் பிளேயரைச் சொருகிக்கொண்டு வருகிறார்களே, அந்த ஊர். என் பையன்களில் இருவரிடம் தப்பாரியா பிளேயர் இருக்கிறது, புதுக்கோட்டைக் கடையில் வாங்கியது. அந்தக் கம்பெனி 1969ல் ஸ்வீடன் கம்பெனி ஒன்றின் தொழில்நுட்ப உதவியோடு கைக்கருவி செய்ய ஆரம்பித்தது, நாசிக்கில் ஃபேக்டரி. பார்க்க ஒன்றும் அழகு கிடையாது, கைப்பிடி முரட்டுத்தனமாக இருக்கும், ஆனால் வெட்டும் விளிம்பில் பழைய அரத்தை வைத்து இழுத்தால் அரம் வழுக்கிக்கொண்டு போகிறது, விளிம்பு அத்தனை கெட்டி. ஆபீஸ் வாங்கிக் கொடுத்த பிளேயரில் அதே அரம் கடித்துப் பொடியை உதிர்த்தது. கட்டுக்கம்பி நாலு வெட்டியதும் விளிம்பில் அரை நிலா மாதிரி நாலு பள்ளம்.

அதற்காக ஊர்ச் சாமான் எல்லாம் தங்கம் என்று சொல்ல மாட்டேன். ஜலந்தரிலும் லூதியானாவிலும் அடிக்கும் ஸ்பேனர் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறுகிறது. அதே இந்தியாவில் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் விற்கும் திருப்புளி இரண்டு ஸ்க்ரூவுக்கு மேல் தாங்காது. தைவானில் தைச்சுங் பக்கம் தயாராகும் சாக்கெட் செட்டை நான் பதினைந்து வருடமாக வைத்திருக்கிறேன், ஒரு பல் போகவில்லை. அமெரிக்காக்காரர்கள் உயிரை விடும் வைஸ் கிரிப் என்ற பூட்டுப் பிளேயர் இருக்கிறதே, டென்மார்க்கிலிருந்து போன ஒரு கொல்லர் நெப்ராஸ்காவில் டிவிட் என்ற குட்டி ஊரில் ஆரம்பித்த சாமான், அந்த ஊர் ஃபேக்டரியை 2008ல் மூடிவிட்டுச் சீனாவுக்குக் கொண்டுபோனார்கள். பெயர் மட்டும் அப்படியே.

இன்னொன்றும் சொல்கிறேன், இது எனக்கு ரொம்பப் பிடித்த கதை. இன்றைக்கு 'மேட் இன் ஜெர்மனி' என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறோம். அந்த வார்த்தை முத்திரையாக வந்ததே அவமானப்படுத்தத்தான். ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து மட்டமான கத்திகள், கத்திக்குப் பேர்போன இங்கிலாந்து ஊரான ஷெஃபீல்டின் முத்திரையோடு சந்தைக்கு வருகின்றன என்று இங்கிலாந்துக்காரர்கள் கொதித்து, எங்கே செய்தது என்று அடித்து விற்க வேண்டும் என 1887ல் சட்டம் கொண்டுவந்தார்கள். ஜெர்மன்காரர்கள் சாமானைத் திருத்தினார்கள், கொஞ்ச காலத்தில் அந்த முத்திரைக்கே மரியாதை வந்துவிட்டது. நாட்டின் பெயரைப் பார்த்துச் சாமான் வாங்குகிறவர்கள் இதை ஒரு தடவை யோசிக்கலாம்.

சரி, அப்போது எதைப் பார்ப்பது? விளிம்பை, மூட்டை, எடையை, கைப்பிடியை. பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெட்டும் விளிம்பு இரண்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. மூட்டு ஆடக் கூடாது, அதற்காக இறுக்கமாகவும் இருக்கக் கூடாது. இதெல்லாம் போன் படத்தில் தெரியுமா? தெரியாது. கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். நாங்கள் சாமான் பழகியது சுங்கை ரோடு திருட்டுச் சந்தையில். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா தேக்காவில் சாப்பிட்டுவிட்டு நடந்தே போவோம், தார்ப்பாயில் கொட்டி வைத்திருக்கும் பழைய ஸ்பேனர்களில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். கப்பல் பட்டறையில் உழைத்து முடிந்த ஜப்பான் சாமான் மூன்று வெள்ளிக்குக் கிடைக்கும். சீனத் தாத்தா ஒருவர், "புதுசு வாங்காதே, பழசு பொய் சொல்லாது" என்கிற மாதிரி மலாயில் ஏதோ சொல்வார். 2017 ஜூலையில் அந்தச் சந்தையை மூடிவிட்டார்கள். இப்போது வருகிற பையன்களுக்கு அந்தப் பள்ளிக்கூடம் இல்லை.

மின்சார வேலைக்கு வாங்கும் சாமான் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கைப்பிடியில் '1000 வோல்ட்' என்று அச்சடித்த திருப்புளி நாலு வெள்ளிக்குக் கிடைக்கிறது. உண்மையான இன்சுலேட்டட் கருவி, அதாவது மின்சாரம் கடக்காத உறை போட்டது, ஐஇசி 60900 என்ற சர்வதேசத் தரத்துக்குச் செய்தது, அதில் இரட்டை முக்கோணக் குறி இருக்கும், ஒவ்வொன்றையும் 10,000 வோல்ட்டில் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். நாலு வெள்ளித் திருப்புளியில் முக்கோணமும் இல்லை, தர எண்ணும் இல்லை, ஆனால் சிவப்பு மஞ்சள் நிறம் மட்டும் அச்சு அசல் அதே. மத்தியானம் லாரிக்குள் வெயிலில் கிடந்த ஒரு பிளேயரின் உறை என் கையோடு கழன்று வந்தது, சாக்ஸ் கழற்றுகிற மாதிரி. சுவிட்சை ஆஃப் பண்ணிப் பூட்டுப் போட்டுவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். ஆனாலும் யாராவது தப்பான பிரேக்கரை ஆஃப் செய்த ஒரு நாளைக்காகத்தானே அந்த உறை இருக்கிறது? 230 வோல்ட்டுக்கு நிறம் தெரியாது.

ஏர்கான் கம்பெனி வைத்திருப்பவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. ஜப்பான் ஏர்கானில் ஸ்டார் ஸ்க்ரூ தலையில் குட்டியாக ஒரு புள்ளி இருக்கிறதா என்று உங்கள் ஆள்களைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அது ஜப்பான் தரத்து ஸ்க்ரூ, சாதாரண ஸ்டார் திருப்புளியின் ஃபிலிப்ஸ் முனை அதில் முழுசாக உட்காராது, அழுத்தித் திருப்பினால் மேலே ஏறிக்கொண்டு தலையை அரைத்துவிடும். எத்தனை ஸ்க்ரூவை இப்படி அரைத்துவிட்டு, ட்ரில் போட்டு எடுத்து, வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கியிருப்போம்! பையன் கை சரியில்லை என்று நினைத்தோம். ஒரு ஜப்பான் திருப்புளி வாங்கிக் கொடுத்ததும் அதே கை சரியாகிவிட்டது.

சட்டத்துக்கு வருகிறேன், வேகமாக. வீட்டு மின்சாதனங்களுக்கும் கேஸ் சாதனங்களுக்கும் இங்கே பாதுகாப்புக் குறி இருக்கிறது, ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் அந்தக் குறி இல்லை. குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் லெமன் சட்டம் 2012லிருந்து இருக்கிறதே என்றால், அது தனி மனிதர் தன் சொந்த உபயோகத்துக்கு வாங்கும் பொருளுக்கு, கம்பெனி வாங்கினால் உதவாது. ஆகவே கடைசியில் பொறுப்பு உங்கள் தலையில்தான்: 2006ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், வேலைக்குக் கொடுக்கும் கருவி பத்திரமானதா என்று பார்க்கும் கடமையை முதலாளி மேல் வைத்திருக்கிறது. சம்பளத்தில் பிடிக்கும் விஷயம் என்றால், சாமான் சேதமானதற்குப் பிடிக்கச் சட்டம் விடுகிறதுதான், ஆனால் தப்பு அந்த ஊழியருடையது என்று இருக்க வேண்டும், பிடிக்கும் முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும், ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. ஒரு வெள்ளி ஸ்பேனர் வாய் விரிந்ததில் அந்தப் பையன் தப்பு என்ன?

உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. காண்டோ டெண்டரில் யார் கம்மியோ அவருக்குத்தான் வேலை, வெளிநாட்டு ஊழியருக்குக் கட்டும் லெவி வரி ஒரு பக்கம், லாரி வாடகை ஒரு பக்கம். அப்புறம் நீங்கள் எல்லாரும் சொல்லும் ஒன்று, "நல்லதாக வாங்கிக் கொடுத்தால் காணாமல் போகிறது." உண்மைதான். நல்ல பிளேயருக்குக் கால் முளைக்கும், மலிவுப் பிளேயர் பொதுப் பெட்டியில் பத்து வருஷம் அப்படியே கிடக்கும், யாரும் சீண்ட மாட்டார்கள். ஆனால் காணாமல் போவது பொதுப் பெட்டியிலிருந்துதான். இரண்டு வருடம் முன்னால் என் குழுவில் ஆளுக்கொரு பெட்டி கொடுத்து, ஒவ்வொரு கருவியிலும் அவனவன் பெயரை எழுத்து மெஷினால் பொறிக்கச் சொன்னேன். போன வருடம் முழுக்கத் தொலைந்தது ஒரே ஒரு கட்டிங் பிளேயர், அதுவும் யாரோ ஆபீஸ் சீலிங்குக்கு மேலே வைத்துவிட்டு மூடிவிட்டு வந்தது. பெட்டி வந்தது, ஆனால் உள்ளே போடும் சாமானை வாங்குவது இன்னும் போன்தான்.

எல்லாவற்றையும் விலை உசத்தியில் வாங்குங்கள் என்றும் கேட்கவில்லை. பெயின்ட் சுரண்டும் தகடு, வாளி, அளக்கும் டேப், கேபிள் டை வெட்டும் கத்தி, இதெல்லாம் மலிவில் வாங்குங்கள், தாராளமாக. டேப் எப்படியும் மூன்றாவது மாடியிலிருந்து விழத்தான் போகிறது. மேசன் கரண்டியில்கூட ஓரளவு மலிவு ஓடும். திருப்புவது, அடிப்பது, மின்சாரத்தைத் தொடுவது, இந்த மூன்றில் மட்டும் விலையைப் பார்க்காதீர்கள். என் கணக்கில் ஒரு ஆளுக்கு இருநூறு வெள்ளிக்குள் முடிந்துவிடும், ஏழெட்டு வருடம் உழைக்கும். அந்தப் பையனின் கைக்கு மருந்தகச் செலவு, இரண்டு நாள் மருத்துவ விடுப்பு, பம்ப் நின்றதால் காண்டோ மேனேஜரிடம் நான் கெஞ்சியது, உருண்ட போல்ட்டை வெட்டி எடுக்க மறுநாள் இன்னொரு ஆள், எல்லாம் சேர்த்தால் இரண்டு பேருக்கு முழுப் பெட்டியே வாங்கியிருக்கலாம். ஆனால் அந்தச் செலவு எதுவும் சாமான் கணக்கில் வராது, வேறு வேறு பக்கத்தில் எழுதப்படும், அதனால் 12 வெள்ளி 90 காசு செட் மலிவாகவே தெரியும்.

வாங்குவதற்கு முன் பிடிக்கிறவனை ஒரு வார்த்தை கேளுங்கள். முடிந்தால் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவனையே கடைக்கு அனுப்புங்கள், பெட்ரோல் கார்டு கொடுத்து லாரியை அனுப்புகிறீர்களே, அந்த நம்பிக்கை போதும். அவன் விலை உசந்ததை எடுக்க மாட்டான். கையில் வைத்துப் பார்த்து, திருப்பிப் பார்த்து, உங்களை விடப் பேரம் பேசித்தான் எடுப்பான். நானும் வேண்டுமானால் கூட வருகிறேன்.

இதைப் படிப்பவர்களில் என் முதலாளியும் இருப்பார், அதனால் கடைசி விஷயம் அவருக்கு. அண்ணே, பையன் மருத்துவ விடுப்பு முடிந்து வந்த அன்று கையில் 19 நம்பர் ஸ்பேனர் ஒன்று வைத்திருந்தான். ஜாலான் புசாரில் போய் அவன் காசில் வாங்கியது, 17 வெள்ளி 50 காசு, அவனுக்கு ஒரு நாள் அடிப்படைக் கூலியில் பாதிக்கு மேல். "இது என்னோடதுண்ணே, ஸ்டோர்ல வைக்க மாட்டேன்" என்றான். பில்லைக் கேட்டேன், தர மாட்டேன் என்றான், கூச்சம். பிடுங்கி வைத்திருக்கிறேன். இந்த மாதச் சில்லறைச் செலவுக் கணக்கில் சேர்த்து அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டுவிடுங்கள். ஸ்பேனர் அவனிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பம்ப் ரூம் சூப்பர்வைசர்களில் ஒருவன்